பாலைநிலப் படையெறும்பு: வாழ்க்கைமுறையும் பரம்பலும்

"வறண்ட சூழலில் வாழும் அங்கிகளின் இசைவாக்கங்களைத் தருக" என்ற வினாவைக் கண்டதும் ஒட்டகம், கள்ளி என்று எழுதிவிட்டு அடுத்த வினாவிற்குச் செல்லும் மாணவர் பலர். விடை சரியானதே. ஆயினும் திமிலும் முட்களும் உடலமைப்புச் சார்ந்த இசைவாக்கங்களாகும். நடத்தை சார்ந்த இசைவாக்கம் ஒன்றை விளக்குமாறு கேட்டால் பேனா நின்றுவிடுகிறது. அதற்கு உதவும் ஓர் உதாரணத்தை இங்கு நோக்குவோம்.

1. பாகுபாடு

கணம்: ஆத்திரப்பொடா
வகுப்பு: இன்செக்ரா
வருணம்: ஹைமெனொப்தெரா
சாதி: நெய்வாமிர்மெக்ஸ்
இனம்: நெய்வாமிர்மெக்ஸ் நைகிரெசென்ஸ்

இவ்வினம் 1872 இல் கிறெசன் என்பவரால் விபரிக்கப்பட்டது. நெய்வாமிர்மெக்ஸ் சாதியில் 120 இற்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. அவை அனைத்தும் அமெரிக்கக் கண்டங்களுக்கே உரியவை.

2. பரம்பல்

ஐக்கிய அமெரிக்காவில் மேற்கே கலிபோர்னியா தொடக்கம் கிழக்கே வேர்ஜீனியா, புளோரிடா வரையும், வடக்கே அயோவா, நெப்ராஸ்கா வரையும் இவ்வினம் பரந்துள்ளது. தெற்கே மெக்சிக்கோவிலும் காணப்படுகின்றது. எனவே இது பாலைநிலத்தில் மட்டும் வாழும் இனமன்று. எனினும் அரிசோனா மாநிலத்தின் தென்கிழக்கிலுள்ள வறண்ட புன்னிலங்களிலேயே இது விரிவாக ஆராயப்பட்டுள்ளது.

பரம்பலைத் தீர்மானிக்கும் காரணி ஒன்றைக் கவனியுங்கள். பெரும்பாலான எறும்பினங்களில் இளம் இராணிக்குச் சிறகுண்டு. அது பறந்து சென்று புதிய கூட்டை அமைக்கும். படையெறும்பின் இராணிக்கோ எக்காலத்திலும் சிறகில்லை. ஒரு கூட்டம் இரண்டாகப் பிரிந்து, ஒவ்வொரு பகுதியும் ஓர் இராணியுடன் நடந்து செல்வதாலேயே புதிய கூட்டம் தோன்றுகின்றது. ஆகவே நிலத்தொடர்ச்சி உள்ள இடங்களிலேயே இவ்வெறும்பு பரவ முடியும். அகன்ற நீர்ப்பரப்பு அதற்குத் தடையாகும். (இலங்கையிலும் படையெறும்புகள் உள்ளன. ஆயினும் அவை ஈனிக்டஸ் போன்ற வேறு சாதிகளைச் சேர்ந்தவை.)

3. கூட்டத்தின் அமைப்பு

இராணி: கூட்டத்திற்கு ஒன்று. ஒரு தடவையில் பல்லாயிரக்கணக்கான முட்டைகளை இடும்.
வேலையாட்கள்: மலட்டுப் பெண்கள். சில மில்லிமீற்றர் நீளமானவை. கூட்டுக்கண் ஒடுங்கி, பக்கத்திற்கு ஒரேயொரு வில்லையாக எஞ்சியுள்ளது.
ஆண்கள்: சிறகுள்ளவை. இரவில் விளக்கொளியை நாடி வரும்.

பார்வை குன்றிய வேலையாட்கள் எவ்வாறு வழி தவறாது செல்கின்றன? முன்னே செல்பவை நிலத்தில் இடும் பெரோமோன் என்ற இரசாயனத்தை, பின்னே வருபவை உணர்கொம்புகளால் அறிந்து தொடர்கின்றன.

4. இரை தேடல்

இதன் பிரதான உணவு ஏனைய எறும்புகளின் முட்டை, குடம்பி, கூட்டுப்புழு ஆகியனவாகும். பொழுது சாயும் வேளையில் வேலையாட்கள் நிரை நிரையாகப் புறப்பட்டு, பிற எறும்புக் கூடுகளுட் புகுந்து அவற்றைக் கவர்ந்து வருகின்றன.

இரையும் சும்மா இருப்பதில்லை. ஃபைடோலே டெசர்டோரம் என்ற எறும்பினம், படையெறும்பு அண்மித்ததை உணர்ந்தவுடன் தன் குடம்பிகளைத் தூக்கிக்கொண்டு கூட்டைவிட்டு ஓடிவிடும். ஒரே கூட்டத்திற்கு அருகருகே பல கூடுகள் இருப்பதால் அதற்குப் புகலிடமும் உண்டு. இரைகௌவி, இரை ஆகிய இரண்டிலும் இசைவாக்கம் உண்டு என்பதற்கு இது நல்ல சான்று.

5. வாழ்க்கை வட்டத்தின் இரு கட்டங்கள்

ஏனைய எறும்புகளைப் போலவே இதுவும் முட்டை, குடம்பி, கூட்டுப்புழு, நிறையுடலி என நிறையுருமாற்றம் அடைகின்றது. கூட்டத்தின் நடமாட்டம் இதனுடன் பிணைந்துள்ளது.

(அ) தங்கு கட்டம்: கூட்டம் ஒரே நிலக்கீழ் இடத்தில் இருக்கும். முந்திய தொகுதி கூட்டுப்புழுவாக உள்ளது. அதற்கு உணவு வேண்டியதில்லை. இராணியின் வயிறு பெருத்துப் புதிய முட்டைகள் இடப்படும்.

(ஆ) அலை கட்டம்: கூட்டுப்புழுக்களிலிருந்து இளம் வேலையாட்கள் வெளிவர, முட்டைகளிலிருந்து குடம்பிகளும் பொரித்திருக்கும். பசியுள்ள வாய்கள் பெருகுகின்றன. கொள்ளையிடல் தீவிரமடைந்து, கூட்டம் அடிக்கடி இடம்பெயரும். குடம்பிகள் கூட்டுப்புழுவானதும் மீண்டும் தங்கு கட்டம் தொடங்கும்.

ஒவ்வொரு கட்டமும் ஏறத்தாழ இரண்டு தொடக்கம் மூன்று வாரங்கள் நீடிக்கும். இச்சுழற்சி வெப்பமான மாதங்களில் நிகழ்கின்றது. குளிர்காலத்தில் கூட்டம் நிலத்தின் கீழேயே தங்கிவிடும்.

6. இடம்பெயர்வது ஏன்?

நியூயோர்க்கிலுள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று நூதனசாலையைச் சேர்ந்த ரி. சி. ஷ்னெயர்லா, இளம் பருவங்கள் வேலையாட்களுக்கு அளிக்கும் தூண்டலே இடம்பெயர்வுக்குக் காரணம் என விளக்கினார். பின்னர் ஹவார்ட் ரொபோவ், ஜோன் மிரெண்டா ஆகியோர் ஆய்வுகூடத்தில் சில கூட்டங்களுக்கு மிகையாகவும் சிலவற்றுக்குக் குறைவாகவும் உணவு கொடுத்து, 1980 இல் முடிவை வெளியிட்டனர். உணவு மிகுந்த கூட்டங்கள் குறைந்த தடவைகளே இடம்பெயர்ந்தன. ஆகவே குடம்பிகளின் தூண்டல், உணவின் அளவு ஆகிய இரண்டும் சேர்ந்தே இடம்பெயர்வை நிர்ணயிக்கின்றன.

7. வறண்ட சூழலும் இவ்வெறும்பும்

சிறிய உடலுக்குக் கனவளவுடன் ஒப்பிடுகையில் மேற்பரப்பு அதிகம். எனவே கடும் வெயிலில் நீரிழப்பும் விரைவானது. இவ்வெறும்பு பகலில் வெப்பம் குறைந்த, ஈரப்பதன் கூடிய நிலக்கீழ் இடங்களில் தங்கி, பெரும்பாலும் இரவிலேயே வெளியே நடமாடுகின்றது. அதாவது வெப்பத்தைத் தாங்குவதற்குப் பதிலாக அதனைத் தவிர்க்கின்றது. இதுவே நடத்தை சார்ந்த இசைவாக்கம். இவ்விடத்தில் "வெப்பத்தைத் தாங்கும்" என எழுதிப் புள்ளியை இழந்துவிடாதீர்கள்.

பயிற்சி வினா

படையெறும்பு வறண்ட சூழலில் வாழ உதவும் நடத்தை சார்ந்த இசைவாக்கங்கள் இரண்டைக் கூறி விளக்குக. (4 புள்ளிகள்)

விடைக் குறிப்பு

- பகலில் நிலத்தின் கீழ்த் தங்கி இரவில் நடமாடல் (1). இதனால் உடலின் நீரிழப்புக் குறைக்கப்படும் (1).
- குடம்பிகள் உள்ள காலத்தில் அடிக்கடி இடம்பெயரல் (1). இதனால் ஓரிடத்தில் இரை குறையினும் புதிய இடத்தில் உணவு கிடைக்கும் (1).

இசைவாக்கத்தைப் பெயரிட்டால் பாதிப் புள்ளி. அதன் பயனையும் எழுதினாலே முழுப் புள்ளி. "இதனால்" என்ற சொல்லை விடையில் எழுதிப் பழகுங்கள். அதன் பின் என்ன எழுதுவது என்று தெரிந்தால் பாடம் விளங்கிவிட்டது என்பது பொருள்.