குளத்து வள்ளத்தில் தாங்கி பொருத்தும் முறை

வன்னிப் பகுதியிலே குளத்தையண்டி வயல் செய்யும் கமக்காரர் சிலர், வயல்வேலை ஓய்ந்திருக்கும் நாள்களிற் சிறு வள்ளத்தில் மீன் பிடித்து வீட்டுச் செலவை ஈடுசெய்கின்றனர். 1952ஆம் ஆண்டில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா மீன் குளங்களிற் பல்கிப் பெருகியமை இத்தொழிலுக்குப் பெரிதும் உதவியது.

இன்று பெரும்பாலும் வழங்குவது கண்ணாடியிழை வள்ளமாகும். இதன் விளிம்பு வளைந்தும் சரிந்தும் இருக்கும். உட்புறம் இழைநெசவின் மேடுபள்ளங்களோடு கரடுமுரடாயிருக்கும். துடுப்புக் கவை, தூண்டிற்றடித் தாங்கி, விளக்குத் தண்டு என்பவற்றின் அடித்தட்டோ தட்டையானது. அதனை வளைந்த பரப்பில் வைத்து முறுக்கினால் இரண்டு மூன்று புள்ளிகளே பாரம் முழுவதையும் தாங்கும். மேலும் முறுக்க, ஓட்டில் மயிரிழை போன்ற வெடிப்பு உண்டாகும். சோழகக் காற்று வலுத்த நாளில் நடுக்குளத்திலே துடுப்புக் கவை பெயர்ந்துவிட்டால், வள்ளம் காற்றுக்குப் பக்கங்காட்டித் திரும்பும். அலை உள்ளே அடிக்கும். வலையும் மீனும் போவதோடு நில்லாமல் உயிருக்கும் ஆபத்து நேரலாம்.

ஆகவே தாங்கிக்கும் ஓட்டுக்கும் இடையில் ஓர் அணைகட்டை வைத்தல் வேண்டும். நன்கு உலர்ந்த தேக்கு இதற்கு ஏற்றது. கட்டையின் அடிப்புறத்தை வள்ளத்தின் வளைவுக்கு இசையச் செதுக்குவதே வேலையின் உயிர்நாடி. பொருத்துமிடத்தில் வெண்கட்டியை அடர்த்தியாகப் பூசி, கட்டையை அதன்மேல் அழுத்தி எடுத்தால், மேடான இடங்களில் வெள்ளை ஒட்டியிருக்கும். அவ்விடங்களை மட்டும் சீவி, மீண்டும் அழுத்திப் பார்க்க வேண்டும். அடி முழுவதும் வெள்ளை படியும்வரை இவ்வாறு செய்க. கலப்பை செய்து பழகிய தச்சருக்கு இஃது அரைநாள் வேலைகூட அன்று. பொறுமையின்றி இடைவெளியைப் பிசினால் நிரப்பிவிடலாம் என்று எண்ணுவோர் உளர். சிறு இடைவெளிக்கு அது போதும், விரற்கடை அளவுக்குப் போதாது.

மரத்திருகாணி இங்கு உதவாது. மெல்லிய ஓட்டில் அதற்குப் பிடிப்பில்லை. வலை இழுக்கும்போது கழன்றுவிடும். ஓட்டை ஊடுருவிச் செல்லும் கறையில் உருக்குப் போல்ட்டையே பயன்படுத்துக. உட்புறத்தை உப்புத்தாளால் தேய்த்துச் சமப்படுத்தி, தாங்கியின் அடித்தட்டிலும் பெரிதான ஒரு தகட்டையோ பலகையையோ அங்கே அணையாக வைக்க வேண்டும். கண்ணாடியிழைத் தூள் கண்ணுக்கும் மூச்சுக்கும் கேடானதால், தேய்க்கும்போது கண்ணாடி அணிந்து, மூக்கையும் வாயையும் முகக்கவசத்தால் மூடிக்கொள்க.

சில வள்ளங்களின் விளிம்பினுள்ளே மரம் பொதிந்திருக்கும். துளைவழியே நீர் கசிந்தால் அம்மரம் வெளியே தெரியாமல் உக்கிப்போகும். எனவே துளையைச் சற்றுப் பெரிதாக இட்டு, எபொக்சிப் பிசினால் நிரப்பி, இறுகியபின் அதன் நடுவே போல்ட்டின் அளவுக்கு மறுபடியும் துளைக்க வேண்டும். பின்னர் நீர்காப்புப் பசையைப் பூசி, அது சிறிது பிதுங்கும் அளவுக்கு மட்டும் முறுக்கி விடுக. பசை இறுகிய பின்னரே முழு இறுக்கம் கொடுத்தல் நன்று. முதலிலேயே இறுக்கினால் பசை முழுவதும் வெளியேறிவிடும்.

போல்ட்டின் முனை உள்ளே நீட்டிக்கொண்டிருத்தல் ஆகாது. மெல்லிய நைலோன் வலை அதிற் சிக்கினால் ஒரு பிடியிலேயே கண் பல அறுந்துவிடும். மிகுந்த முனையை அறுத்து அரத்தால் மழுப்புக, அல்லது தொப்பி நட்டு இடுக. முதன்முறை குளத்துக்குப் போய்த் திரும்பியதும் எல்லா நட்டுகளையும் ஒருமுறை முறுக்கிப் பார்த்தல் வேண்டும். புதிய மரக்கட்டை அழுத்தத்தாற் சிறிது அமர்ந்திருக்கும்.