வெயில் நாட்டுக்குப் பெட்டி அடுக்குவோம்!

ஜூலை மாதத்தில் கிரேக்க நாட்டின் தலைநகரான ஏதென்சுக்குச் செல்ல உங்களுக்கு ஒரு வாய்ப்புக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெட்டியில் எவற்றை எடுத்து வைப்பீர்கள்? ஐரோப்பா என்றதும் கம்பளிச் சட்டையைத் தேட வேண்டாம். முதலில் அந்த ஊர்க் காற்றைப் பற்றித் தெரிந்துகொள்வோம்.

மத்தியதரைக் கடல் பகுதியில் மழை பெரும்பாலும் குளிர்காலத்தில்தான் பெய்யும். கோடையில் அங்கே உயர் அழுத்தம் நிலைகொள்கிறது. மேலேயுள்ள காற்று மெல்லக் கீழிறங்குகிறது. இறங்க இறங்க அது நெருக்கப்பட்டுச் சூடாகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப் சூடாவதைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள் அல்லவா? அதே கதைதான். ஒரு கிலோமீட்டர் இறங்கினால் சுமார் 10 பாகை செல்சியஸ் ஏறும். இவ்வாறு சூடேறிய காற்றில் மேகம் உருவாவது கடினம். ஆகவே வானம் தெளிவாக இருக்கும். பிற்பகல் வெப்பநிலை 33, 34 பாகையைத் தொடும். சில நாட்களில் 40ஐயும் தாண்டும். 1977 ஜூலை 10 அன்று ஏதென்சுக்கு அருகிலுள்ள எலெஃப்சினாவில் 48 பாகை பதிவாயிற்று!

இப்போது உடைகளுக்கு வருவோம். நம் தோலின் வெப்பநிலை சுமார் 35 பாகை. காற்று அதைவிடச் சூடாக இருந்தால், உடல் தன் வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுக்க இயலாது. அப்போது நம்மைக் காப்பது வியர்வைதான். ஒரு கிராம் வியர்வை ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் வேண்டும். அதைப் பெரும்பாலும் தோலிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. எனவே காற்றோட்டமுள்ள தளர்வான பருத்தி உடைகளே ஏற்றவை. வெளிர் நிறமாக இருந்தால் இன்னும் நல்லது; ஒளியின் பெரும் பகுதியை அது திருப்பி அனுப்பிவிடும்.

எத்தனை சட்டைகள் வேண்டும்? மூன்று போதும். வறண்ட காற்றில் இரவு துவைத்துப் போட்டது காலையில் உலர்ந்துவிடும். பெட்டியின் எடையும் குறையும்.

குடை வேண்டுமா? ஜூலையில் மழை மிக அரிது. வெயிலுக்குப் பிடிக்கலாம் என்றாலோ, கோடையில் வடக்கிலிருந்து வீசும் ‘மெல்டெமி’ என்னும் காற்று குடையைப் புரட்டிவிடும். ஆகையால் அகன்ற விளிம்பும், தாடையில் கட்டும் நாடாவும் உள்ள தொப்பியை எடுத்து வையுங்கள்.

அந்தக் காற்று இன்னொரு வகையிலும் நம்மை ஏமாற்றும். உடலுக்குக் குளுமையாக இருப்பதால் வெயில் கடுமையில்லை என்று தோன்றும். ஆனால் தோலைச் சுடுவது புற ஊதாக் கதிர். அதை நம் உடல் சூடாக உணர்வதில்லை. காற்று அதைத் தடுப்பதுமில்லை. எனவே முழுக்கைச் சட்டையும், வெயில் தடுப்புக் களிம்பும் தேவை. குளிர் கண்ணாடி வாங்கும்போது, புற ஊதாக் கதிரைத் தடுக்கக் கூடியதா என்று பாருங்கள். வெறும் கறுப்புக் கண்ணாடி தீங்கானது. இருட்டில் கண்ணின் பாவை விரியும். தடுக்கப்படாத கதிர் அதன் வழியே கூடுதலாக உள்ளே நுழையும்.

களிம்புக் குப்பியைப் பாலிதீன் பையில் கட்டி வையுங்கள். பறக்கும் விமானத்தினுள் அழுத்தம் தரையில் உள்ளதில் ஏறத்தாழ முக்கால் பங்குதான். குப்பியின் உள்ளே அடைபட்ட காற்று விரிந்து களிம்பை வெளியே தள்ளும்.

செருப்புக்கு ரப்பர் அடி இருக்கட்டும். அக்ரோபோலிஸ் குன்றின் பளிங்குக் கற்கள் பல கோடிக் கால்கள் பட்டு வழவழப்பாகிவிட்டன. உராய்வு குறைந்தால் சறுக்கத்தானே செய்யும்?

எல்லாவற்றிலும் முக்கியமானது தண்ணீர்ப் புட்டி. வறண்ட காற்றில் வியர்வை தோன்றிய உடனே ஆவியாகிவிடும். சட்டை நனையாததால், “எனக்கு வியர்க்கவேயில்லை” என்று நினைப்போம். உடலோ நீரை இழந்துகொண்டே இருக்கும். நீர் மிகவும் குறைந்தால் வியர்ப்பதும் குறையும். உடல் வெப்பம் கட்டுமீறி ஏறும். இது உயிருக்கே ஆபத்து. 2024 ஜூனில் கிரேக்கத் தீவுகளில் கடும் வெயிலில் நடக்கச் சென்ற சுற்றுலாப் பயணிகள் சிலர் இறந்துபோயினர். 2023 ஜூலையில் வெப்ப அலையின்போது அக்ரோபோலிசையே நண்பகல் நேரத்தில் மூடி வைத்தார்கள். ஆகவே, தாகம் எடுக்குமுன் குடியுங்கள். நண்பகலில் நிழலில் இருங்கள்.

வியர்வையின் வேலையை நீங்களே அளந்து பார்க்கலாம். பள்ளி ஆய்வகத்தில் இரண்டு வெப்பமானிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் குமிழில் ஈரத் துணியைச் சுற்றுங்கள். இரண்டையும் மின்விசிறியின் எதிரே சில நிமிடம் வைத்து அளவுகளைக் குறியுங்கள். ஈரத் துணி சுற்றியது குறைவாகக் காட்டும். வறண்ட நாளிலும், புழுக்கமான நாளிலும் இதைச் செய்யுங்கள். எந்த நாளில் வேறுபாடு அதிகம்? ஏன்? விடையை உங்கள் ஆசிரியரிடம் சொல்லுங்கள்.