தப்பி ஓடியவர்கள் கண்ட வழி!

கடல் நடுவே ஓர் எரிமலைத் தீவு. அதில் சாலையே இல்லாத ஒரு பள்ளத்தாக்கு. அங்கே நடந்து போவோமா?

ஓர் ஊர். அங்கே வீடுகள் உண்டு. பள்ளிக்கூடம் உண்டு. கடை உண்டு. சிறிய மாதா கோவிலும் உண்டு.

ஆனால், சாலை கிடையாது!

கார் வராது. பஸ் வராது. மாட்டு வண்டி கூட வராது. அந்த ஊருக்குப் போக வேண்டுமா? நடந்துதான் போக வேண்டும். இல்லாவிட்டால் ஹெலிகாப்டரில் போய் இறங்க வேண்டும்.

வீடு கட்டும் சிமெண்டும், சமையல் எரிவாயும் வானத்தில் இருந்துதான் இறங்குகின்றன. யாருக்காவது திடீர் என்று உடம்புக்கு முடியவில்லை என்றால், ஹெலிகாப்டர் வந்து தூக்கிச் செல்கிறது.

அந்த இடத்தின் பெயர் மஃபாத். அது ஒரே ஊர் அல்ல. பள்ளத்தாக்குக்குள் சிதறிக்கிடக்கும் பல சிற்றூர்கள். எல்லாம் சேர்ந்தும் அங்கே ஆயிரம் பேர் கூட இல்லை. மின்சாரக் கம்பி அங்கே போகவில்லை. சூரிய வெளிச்சத்தில் மின்சாரம் எடுத்து விளக்கு ஏற்றுகிறார்கள்.

இவ்வளவு கஷ்டமான இடத்தில் மனிதர்கள் ஏன் குடியேறினார்கள்? அதற்குப் பின்னால் ஒரு கண்ணீர்க் கதை இருக்கிறது.

தீவு எங்கே இருக்கிறது?

இந்துமாக் கடலின் தென் மேற்கில், மொரீசியஸ் தீவுக்கு அருகே இருக்கிறது ரீயூனியன் தீவு. மேற்கே போனால் மடகாஸ்கர். தீவின் பரப்பு 2 ஆயிரத்து 512 சதுர கிலோமீட்டர். மக்கள் தொகை சுமார் 9 லட்சம். இது பிரான்சு நாட்டுக்குச் சொந்தமானது. 1946-ம் ஆண்டு முதல் பிரான்சின் ஒரு மாவட்டமாகவே இருந்து வருகிறது.

தீவு முழுவதும் எரிமலை கக்கிய பாறைதான். கடலின் அடியில் இருந்து நெருப்புக் குழம்பு பொங்கிப் பொங்கி, குவிந்து குவிந்து, மலையாக எழுந்தது. அந்த மலைதான் தீவு.

தீவின் நடுவில் பழைய எரிமலை நிற்கிறது. அதற்கு "பனிச் சிகரம்" என்று பொருள்படும் பெயர். உயரம் 10 ஆயிரம் அடிக்கு மேல். அது அணைந்துபோய் பல ஆயிரம் ஆண்டுகள் ஆகிவிட்டன.

அணைந்த எரிமலையின் பக்கங்கள் சரிந்து விழுந்தன. மழையும் ஆறுகளும் அதை மேலும் மேலும் அரித்தன. இப்போது சிகரத்தைச் சுற்றி 3 பெரிய கிண்ணங்கள் போலப் பள்ளத்தாக்குகள் இருக்கின்றன. அவை மஃபாத், சலாசி, சிலாவோஸ். கிண்ணத்தின் சுவர் செங்குத்தாக நிற்கிறது. சில இடங்களில் அந்தச் சுவரின் உயரம் 3 ஆயிரம் அடி!

காட்டுக்குள் ஓட்டம்

17-ம் நூற்றாண்டு வரை இந்தத் தீவில் மனிதர்களே குடியிருக்கவில்லை. பிறகு பிரெஞ்சுக்காரர்கள் வந்தார்கள். தோட்டம் போட்டார்கள். காப்பி பயிரிட்டார்கள். பின்னர் கரும்பு வந்தது.

தோட்டத்தில் வேலை செய்ய ஆள் வேண்டுமே? மடகாஸ்கரில் இருந்தும், கிழக்கு ஆப்பிரிக்காவில் இருந்தும் மனிதர்களை விலைக்கு வாங்கி வந்தார்கள். இந்தியாவில் இருந்தும் சிலரைக் கொண்டுவந்தார்கள். ஆடு மாடு போல நடத்தினார்கள்.

பொறுக்க முடியாதவர்கள் ஓடினார்கள். எங்கே ஓடுவது? சுற்றிலும் கடல். ஒரே ஒரு திசைதான் மிச்சம். மேலே! மலைக்கு!

பிடிபட்டால் என்ன ஆகும்? சட்டமே எழுதி வைத்திருந்தார்கள். ஒரு மாதம் ஓடிப்போனவனுக்குக் காதை அறுத்து, தோளில் சூடு போட வேண்டும். மறுபடி ஓடினால், கால் நரம்பை வெட்ட வேண்டும். மூன்றாவது தடவை ஓடினால் மரணம்.

அப்படி இருந்தும் ஓடினார்கள். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு பெண்களும் ஓடினார்கள். ஆற்றுப் பள்ளங்களில் இறங்கி, பாறையைப் பிடித்து ஏறி, யாரும் வர முடியாத கிண்ணங்களுக்குள் போய்ச் சேர்ந்தார்கள். காட்டுத் தேனும் கிழங்கும் தின்று உயிர் வாழ்ந்தார்கள்.

அவர்களை வேட்டையாடக் கூலிப் படை புறப்பட்டது. கொன்றதற்கு அடையாளமாக, செத்தவனின் கையை வெட்டிக்கொண்டு வந்து காட்டினார்கள். அதற்குப் பரிசு கிடைத்தது.

மலைக்கு அவர் பெயர்

தப்பி ஓடியவர்களின் தலைவர்களில் ஒருவர் பெயர் மஃபாத். அவரை 1751-ம் ஆண்டு முசார் என்ற வேட்டைக்காரன் கொன்றான்.

கொன்றவனுக்குப் பரிசு கிடைத்தது. ஆனால், பள்ளத்தாக்குக்குப் பெயர் கிடைத்தது கொல்லப்பட்டவருக்கு!

மஃபாத் மட்டும் அல்ல. திமித்தீல் என்ற மலையும் ஒரு தலைவரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அஞ்சேன் என்ற குன்றில், அஞ்சேனும் அவன் மனைவி ஏவாவும் ஒளிந்து வாழ்ந்தார்கள் என்று கதை சொல்கிறார்கள். சிலாவோஸ் என்றால், மடகாஸ்கர் மொழியில் "விட்டுப் போகாத இடம்" என்று பொருளாம்.

பட்டாவில் அவர்கள் பெயர் இல்லை. மலையில் இருக்கிறது.

விடுதலை

1848-ம் ஆண்டு டிசம்பர் 20-ந் தேதி தீவில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. சுமார் 60 ஆயிரம் பேர் விடுதலை பெற்றார்கள். இன்றும் டிசம்பர் 20-ந் தேதி அங்கே விடுமுறை நாள். ஆட்டமும் பாட்டும் அமர்க்களப்படும்.

விடுதலை பெற்றவர்களில் பலர் மலைப் பக்கம் போனார்கள். நிலம் இல்லாத ஏழை வெள்ளையர்களும் போனார்கள். மஃபாத்தில் இன்று வாழ்கிறவர்களின் முன்னோர்கள் இவர்கள்தான். அங்கே வீடு அவர்களுடையது. ஆனால் நிலம் பொது நிலம். குத்தகைக்குத்தான் குடியிருக்கிறார்கள்.

தோட்டங்களுக்கு மறுபடியும் ஆள் தேவைப்பட்டது. அப்போதுதான் நம்மவர்கள் கப்பல் ஏறினார்கள். புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களில் இருந்து தமிழர்கள் ஆயிரக்கணக்கில் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். அவர்கள் பட்ட பாட்டைக் கேள்விப்பட்டு, 1882-ம் ஆண்டு பிரிட்டிஷ் அரசு ஆள் அனுப்புவதை நிறுத்தியது.

அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்றும் அங்கே இருக்கிறார்கள். பெரும்பாலோருக்குத் தமிழ் பேச வராது. ஆனால் கோவில் கட்டி, தீ மிதிக்கிறார்கள். "கறி" என்ற சொல்லும் போகவில்லை. தீவில் எல்லா இனத்தாரும் தங்கள் குழம்பைக் "கறி" என்றுதான் சொல்கிறார்கள்!

நடந்த தபால்காரர்

மஃபாத்துக்குக் கடிதம் எப்படிப் போகும்? அதுவும் நடந்துதான் போகும்.

இவ்ரேன் போசே என்று ஒரு தபால்காரர் இருந்தார். 1951-ம் ஆண்டு முதல் 1991-ம் ஆண்டு வரை, 40 ஆண்டுகள் அந்தப் பள்ளத்தாக்கில் நடந்தார். தோளில் தபால் பை. ஒரு சிற்றூரில் இருந்து அடுத்த சிற்றூருக்குப் போக, மலைப்பள்ளத்தில் இறங்கி, ஆற்றைக் கடந்து, மறுபடி ஏற வேண்டும். தூரத்தில் இருக்கும் மகன் எழுதிய கடிதம், அவர் கால் நடந்தால்தான் தாயின் கைக்கு வரும். தீவில் அவர் பெயரைத் தெரியாதவர்கள் குறைவு.

நாமும் நடப்போம்

இன்று உலகம் எங்கும் இருந்து இந்த வழிகளில் நடப்பதற்கு மக்கள் வருகிறார்கள். 2010-ம் ஆண்டு இந்த மலைகளும் பள்ளத்தாக்குகளும் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டன. தீவின் பரப்பில் 100-க்கு 40 பங்கு இதில் அடங்கும்.

பெரிய நடைபாதைகள் 3 இருக்கின்றன. ஒன்று பனிச் சிகரத்தைச் சுற்றி வருகிறது. ஒன்று மஃபாத்தைச் சுற்றி வருகிறது. மற்றொன்று தீவின் ஒரு கோடியில் இருந்து மறு கோடி வரை போகிறது. வழி தவறாமல் இருக்க, பாறையிலும் மரத்திலும் வெள்ளை, சிவப்புக் கோடு போட்டிருக்கிறார்கள்.

மஃபாத்துக்குள் போக எளிதான வழி, "மாடுகளின் கணவாய்" வழி. காலையில் கணவாயில் நின்று பார்த்தால், பள்ளத்தாக்கு முழுவதும் காலடியில் தெரியும். மதியம் ஆனால் மேகம் வந்து மூடிவிடும். ஆகையால் விடியற்காலையிலேயே புறப்படுகிறார்கள்.

இறங்கினால் "தமரின்" மரங்கள் நிறைந்த சமவெளி. புளியமரம் என்று நினைத்துவிடாதீர்கள். இது நம் வேலமரத்துக்கு உறவு. காற்றில் வளைந்து, நெளிந்து, பாசி படர்ந்து நிற்கும். 2 மணி நேரம் நடந்தால் லா நூவெல் என்ற சிற்றூர் வந்துவிடும்.

அங்கே தங்குவதற்குச் சிறிய விடுதிகள் இருக்கின்றன. இரவுச் சாப்பாடு என்ன தெரியுமா? சோறு, பருப்பு, கறி, கீரை, காரமான துவையல்! சிலாவோஸ் பள்ளத்தாக்கில் விளையும் பருப்புக்குத் தீவு முழுவதும் நல்ல பெயர்.

72 அங்குல மழை!

நடக்கிறவர்கள் பயப்படுவது மழைக்கு. புயல் வந்தால் இந்தத் தீவில் வானம் பிளந்துவிடும்.

1966-ம் ஆண்டு ஜனவரி மாதம், மலை உச்சியில் உள்ள பொக்-பொக் என்ற இடத்தில் 24 மணி நேரத்தில் 72 அங்குல மழை கொட்டியது. சென்னையில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சராசரி 55 அங்குலம்தான்! ஒரே நாளில் பெய்த அந்த மழை, இன்று வரை உலக சாதனை.

அப்படி மழை பெய்தால் பாறைகள் உருளும். பாதை இருந்த இடம் தெரியாமல் போகும். ஆகையால், எந்தப் பாதை மூடி இருக்கிறது என்று கேட்டுக்கொண்டுதான் புறப்பட வேண்டும்.

உயிரோடு இருக்கும் எரிமலை

தீவின் தென்கிழக்கில் இன்னொரு எரிமலை இருக்கிறது. அது அணையவில்லை! அதன் பெயருக்கு "உலைக்களச் சிகரம்" என்று பொருள். உயரம் 8 ஆயிரத்து 600 அடிக்கு மேல். 17-ம் நூற்றாண்டில் இருந்து 150 தடவைகளுக்கு மேல் அது பொங்கி இருக்கிறது.

அமைதியாக இருக்கும்போது அதன் மேலும் நடந்து போகலாம். செங்குத்தான பாறைச் சுவரில் படிக்கட்டு வழியாக இறங்க வேண்டும். கீழே புல் பூண்டு இல்லை. எங்கும் கறுத்து உறைந்த குழம்பு. கயிறு முறுக்கியது போல ஓர் இடம். கண்ணாடித் தூளைக் கொட்டியது போல ஓர் இடம். பாறைமேல் வைத்த வெள்ளைப் பொட்டுகளைப் பார்த்துப் பார்த்து நடக்க வேண்டும்.

மலை முணுமுணுக்க ஆரம்பித்தால், விஞ்ஞானிகளின் கருவிகள் சொல்லிவிடும். உடனே வாசல் கதவை மூடிவிடுவார்கள்.

வாசலில் நின்ற நெருப்பு

இந்த எரிமலையைச் சுற்றிக் குதிரை லாடம் போல ஒரு சுவர் இருக்கிறது. கடல் பக்கம் மட்டும் திறந்திருக்கும். நெருப்புக் குழம்பு பெரும்பாலும் அந்த வழியாகவே கடலை நோக்கி ஓடும். அங்கே யாரும் குடியிருப்பது இல்லை.

ஆனால் 1977-ம் ஆண்டு ஏப்ரல் மாதம், குழம்பு சுவருக்கு வெளியே பொங்கியது. கடலோரத்தில் இருந்த ஒரு கிராமத்துக்குள் புகுந்தது. மக்கள் முன்பே வெளியேற்றப்பட்டதால் உயிர் பிழைத்தார்கள். வீடுகள் எரிந்தன.

நெருப்பு ஆறு மாதா கோவிலை நோக்கி வந்தது. வாசல் வரை வந்தது. அங்கே இரண்டாகப் பிரிந்து, கோவிலைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது! கோவில் தப்பியது. உறைந்த பாறைக்கு நடுவே அது இன்றும் நிற்கிறது. "எரிமலைக் குழம்பு மாதா கோவில்" என்றே அதற்குப் பெயர்.

2007-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் மறுபடியும் பெரிய பொங்கல். உச்சிப் பள்ளத்தின் தரை, ஆயிரம் அடி ஆழம் இடிந்து விழுந்தது. நெருப்பு ஆறு கடலோரச் சாலையைத் தாண்டிக் கடலில் விழுந்தது. கடல் கொதித்தது. குழம்பு உறைந்ததும் தீவு கொஞ்சம் வளர்ந்துவிட்டது! கடலோரத்தில் கறுப்பு மணலும் சேர்ந்தது.

தாழை மரக் கடற்கரை

அங்கிருந்து தெற்கே கடலோரமாகவே ஒரு பாதை போகிறது. ஒரு பக்கம் கறுப்புப் பாறை. அதில் அலை மோதி, நுரை மேலே பறக்கும். மறு பக்கம் தாழை மரங்கள். "பொல்லாத முனை" என்று ஓர் இடத்துக்குப் பெயர். அந்தக் கடலில் யாரும் குளிப்பது இல்லை.

தாழை ஓலையில் முன்பு சர்க்கரை மூட்டைக்குப் பை பின்னினார்கள். முதுகில் மாட்டும் பையும் பின்னினார்கள். அந்த முதுகுப் பையை இன்றும் வாங்கலாம்.

பைத்தியக்காரர் ஓட்டம்

ஆண்டுதோறும் அக்டோபர் மாதம் இந்தத் தீவில் ஒரு பந்தயம் நடக்கிறது. 1989-ம் ஆண்டு தொடங்கியது. தீவின் தெற்கில் இருந்து வடக்கே உள்ள தலைநகர் சேன் தெனி வரை, மலைகளைத் தாண்டி ஓட வேண்டும். தூரம் 100 மைலுக்கு மேல். ஏறும் உயரத்தை எல்லாம் கூட்டினால், எவரெஸ்ட் சிகரத்தை விட அதிகம்! அதற்குப் "பைத்தியக்காரர்களின் குறுக்கு வழி" என்று செல்லப் பெயர்.

இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் ஓடுகிறார்கள். இரவில் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மஃபாத் பள்ளத்தாக்கில் இறங்குகிறார்கள். வழி நெடுக மக்கள் நின்று தண்ணீர் கொடுக்கிறார்கள். கை தட்டுகிறார்கள். முடிவில் பதக்கம் கிடைக்கிறது.

அதே பள்ளத்தாக்கில், அதே இருட்டில், முன்பும் மனிதர்கள் ஓடினார்கள். அவர்கள் கையில் விளக்கு இல்லை. காலில் செருப்பு இல்லை. கை தட்ட ஆள் இல்லை. பின்னால் துப்பாக்கி வந்தது.

அவர்கள் பதக்கத்துக்கு ஓடவில்லை. "நானும் மனிதன்" என்று சொல்வதற்காக ஓடினார்கள்.

இன்று அந்தப் பள்ளத்தாக்கில் நடக்கிறவர்கள், அறிவிப்புப் பலகையில் "மஃபாத்" என்ற பெயரைப் படிக்கிறார்கள். அது இடத்தின் பெயர் மட்டும் அல்ல. தலை வணங்க மறுத்த ஒரு மனிதரின் பெயர்!