சிக்கிக்கொண்ட ஸ்டார்ட்டரை விடுவிக்கும் முறை

பழைய மோட்டார் வண்டியை வைத்துக் காப்பாற்றுவோர்க்கு என்றேனும் ஒரு நாள் நேரும் சங்கடம் ஒன்று உண்டு. புறப்பட வேண்டிய சமயத்தில் ஸ்டார்ட்டரை இயக்கினால் ‘டக்’ என்னும் ஓசை மட்டும் கேட்கும், எஞ்சின் அசையாது. மோட்டார் கெட்டுவிட்டது என்று எண்ணிப் பலர் புதியதற்குப் பணம் செலவிடுகின்றனர். வேறு சிலர் விசையை விடாது அழுத்தி, நல்ல மோட்டாரையும் எரித்துவிடுகின்றனர். அநேக சமயங்களில் பழுதானது மோட்டார் அன்று. அதன் முனையிலுள்ள சிறு பற்சக்கரம் சிக்கிக்கொண்டிருக்கும். காரணம் அறிந்தவர் சில நிமிஷங்களில் அதை விடுவிக்கலாம்.

ஸ்டார்ட்டர் வேலை செய்யும் விதம்

ஆதியில் எஞ்சினை இரும்புக் கைப்பிடி கொண்டு சுழற்றியே கிளப்பினர். எஞ்சின் எதிர்த்து உதைக்கும்போது கை எலும்பு முறிந்தவர் அநேகர். அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் அமைத்த மின்சார ஸ்டார்ட்டர், 1912-ஆம் வருஷத்திய காடிலாக் வண்டிகளில் பொருத்தப்பட்டு அவ்வபாயத்தைக் குறைத்தது.

1948-இல் இங்கிலாந்தில் வெளிவந்த மாரிஸ் மைனர் வண்டியை உதாரணமாகக் கொள்ளலாம். 16 லட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட இவ்வண்டிகள் இலங்கைச் சாலைகளில் இன்றும் ஓடுகின்றன. இதன் ஸ்டார்ட்டர் தண்டின்மேல் திருகுப்புரி வெட்டிய குழல் ஒன்றும், அதன்மேல் பினியன் என்னும் சிறு பற்சக்கரமும் உண்டு. மாட்டு வண்டி திடீரெனக் கிளம்பும்போது உள்ளே இருப்பவர் பின்னே சாய்வதைப் போல, மோட்டார் விரைந்து சுழலத் தொடங்கும்போது பினியன் பின்தங்கிப் புரிவழியே நகரும். நகர்ந்து, எஞ்சினின் பிளைவீலைச் சுற்றியுள்ள பல்வளையத்தைப் பற்றி அதனைச் சுழற்றும். எஞ்சின் கிளம்பியதும் பல்வளையம் அதிக வேகமாய் ஓடிப் பினியனைப் பழைய இடத்துக்கே தள்ளிவிடும்.

சிக்குவதற்குக் காரணம்

பாட்டரி பலங்குன்றியிருந்தால் பினியன் பல்வளையத்தைப் பற்றியபின் அதனைச் சுழற்றவும் இயலாது, மீளவும் இயலாது நின்றுவிடும். புரியில் அழுக்கு அடைந்தாலும், பற்கள் தேய்ந்தாலும் இவ்வாறே நேரும். நான்கு சிலிண்டர் எஞ்சின் நிறுத்தப்படும்போது பெரும்பாலும் இரண்டு நிலைகளில் ஒன்றிலேயே வந்து நிற்கும். ஆதலால் பல்வளையத்தில் அவ்விரண்டு இடங்களே அதிகமாய்த் தேய்கின்றன. எஞ்சின் முற்றிலும் நிற்குமுன் மறுபடி விசையை இயக்குவதும் பற்களைக் கெடுக்கும்.

நோயை அறிதல்

முகப்பு விளக்குகளை ஏற்றிவிட்டு ஸ்டார்ட்டரை ஒரே முறை இயக்கிப் பார்த்தல் வேண்டும். விளக்குகள் மங்காமல் இருந்தால் மின்சாரம் மோட்டாருக்குப் போகவில்லை. விசையையும் கம்பிகளையும் சோதிக்க வேண்டும். மோட்டார் மட்டும் இரைந்து சுழன்றால் பினியன் முன்னே நகரவில்லை என்று அறியலாம். விளக்குகள் மங்கி எஞ்சின் அசையாதிருந்தால், பாட்டரி சோர்ந்திருக்கலாம். அல்லது பினியன் சிக்கியிருக்கலாம். பாட்டரி நன்றாயிருந்தும் எஞ்சினைக் கைப்பிடியால் திருப்ப முடியாவிட்டால் பெரும்பாலும் சிக்கே காரணம். அப்போது கைப்பிடியைப் பலாத்காரமாய்த் திருப்பலாகாது. மோட்டாரை மீண்டும் இயக்குவதும் கூடாது. சுழலாத மோட்டாரில் 300 ஆம்பியருக்கு மேற்பட்ட மின்சாரம் பாய்ந்து கம்பிச்சுருளைச் சுட்டுவிடும்.

விடுவித்தல்

முதல் முறை: வண்டி சமதரையில் நிற்க வேண்டும். இக்னிஷனை அணைத்து, மேல் கியரைப் போட்டு, கைப் பிரேக்கை விடுவித்து, வண்டியை முன்னும் பின்னும் மெதுவாய் அசைக்க வேண்டும். ‘க்ளிக்’ என்னும் ஓசையுடன் பினியன் விடுபடும். சரிவான இடத்தில் இதைச் செய்யலாகாது. சக்கரங்களின் முன்னோ பின்னோ எவரும் நிற்கலாகாது.

இரண்டாம் முறை: கியரை நியூட்ரலில் வைத்து, கைப் பிரேக்கை இட்டு, பாட்டரியின் எர்த் கம்பியைக் கழற்றிவிட வேண்டும். அக்காலத்துப் பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாஸிட்டிவ் முனையே எர்த் ஆகையால், எந்தக் கம்பி வண்டியின் உடலோடு சேர்ந்துள்ளது என்று பார்த்தே கழற்ற வேண்டும். பின்னர் ஸ்டார்ட்டரின் பின்முனையிலுள்ள சிறு மூடியை எடுத்தால் சதுரமாய் அமைந்த தண்டின் முனை தெரியும். அதில் ஸ்பானரை மாட்டி இருபுறமும் மாறி மாறித் திருப்பினால் சிக்கு அவிழும். சுத்தியலால் அடிப்பது அவசியமில்லை.

மறுபடி சிக்காதிருக்க

சிக்கு அவிழ்ந்ததோடு காரியம் முடிந்துவிடவில்லை. பாட்டரியை நிரம்ப மின்னேற்றி, அதன் முனைகளைத் துலக்க வேண்டும். அப்படியும் சிக்கினால் மோட்டாரைக் கழற்றிப் புரியையும் பினியனையும் மண்ணெண்ணெயில் கழுவி நன்றாய் உலர்த்த வேண்டும். புரிக்கு எண்ணெய் இடுவதே பலரும் செய்யும் தவறு. கிளச்சிலிருந்து உதிரும் தூசி எண்ணெயில் ஒட்டிப் பசையாகி, பினியனை மறுபடியும் தடுத்து நிறுத்தும். செக்குக்கும் கவலை உருளைக்கும் எண்ணெய் நன்மை செய்யலாம். இப்புரிக்கோ உலர்ந்த சுத்தமே நன்மை. இவ்வளவு செய்தும் அடிக்கடி சிக்குமாயின் பற்களைத் தேர்ந்த மெக்கானிக் ஒருவரிடம் காட்டுதல் வேண்டும்.

சிறு அழுக்கினால் வரும் பெருஞ் செலவைத் தடுக்க வேண்டியவை ஒரு ஸ்பானரும், சிறிது மண்ணெண்ணெயும், அவசரப்படாத கையுமே ஆகும்.