கடினத் தரையும் நம் கால்களும்

"டொக்டர் நடக்கச் சொன்னார், நடந்தேன். இப்போது குதிகாலை நிலத்தில் வைக்க முடியவில்லை." சீனி வருத்தத்துக்காகக் கிளினிக் போய்வரும் தாய்மார் பலரிடம் இந்த முறைப்பாட்டைக் கேட்கலாம். உடனே வீட்டில் ஒரு தீர்ப்பு வழங்கப்பட்டுவிடும்: "தார் றோட்டில் நடந்தால் இப்படித்தான், உம்மா இனி நடக்க வேண்டாம்!" நடை நின்றுவிடுகிறது. குதிகால் வலி குறைகிறதோ இல்லையோ, இரத்தத்தில் சீனி ஏறிவிடுகிறது.

தார் வீதியும் சீமெந்தும் அவ்வளவு பெரிய குற்றவாளிகளா?

நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் காலில் இறங்கும் பாரம் நம் உடல் நிறையை விடச் சற்றே அதிகம். ஓடும்போது அது இரண்டு, மூன்று மடங்காகிறது. 60 கிலோ நிறையுள்ள ஒருவர் ஓடினால் ஒவ்வொரு காலும் 120 முதல் 180 கிலோ வரை தாங்க வேண்டும். கேட்கப் பயமாக இருக்கிறது, இல்லையா? ஆனால் அல்லாஹ் படைத்த இந்தக் கால் மரக்கட்டை அல்ல. தரை கடினமாக இருந்தால் முழங்காலும் கணுக்காலும் கொஞ்சம் கூடுதலாக மடிந்து கொடுக்கின்றன. தரை மிருதுவாக இருந்தால் தசைகள் இறுகி நிற்கின்றன. நாம் நினைக்காமலேயே இது நடந்துவிடுகிறது. ஆகவே புல்லில் ஓடுவதற்கும் தாரில் ஓடுவதற்கும் இடையில், உடம்புக்குள் போய்ச் சேரும் அதிர்ச்சியில் நாம் எண்ணுமளவு வித்தியாசம் இல்லை.

1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் எதியோப்பிய வீரர் அபேபே பிகிலா மரதன் ஓட்டம் முழுவதையும், 42 கிலோமீற்றருக்கும் அதிகமான தூரத்தை, வெறுங்காலுடன் ஓடித் தங்கம் வென்றார். அது கல்லும் தாருமான நகர வீதி. அவர் கால்கள் நொறுங்கிவிடவில்லை, ஏனென்றால் அவை சிறு வயதிலிருந்தே அதற்குப் பழகிய கால்கள். நாமோ பத்து வருடம் கதிரையில் இருந்துவிட்டு, திங்கட்கிழமை தொடக்கம் ஒரு மணித்தியாலம் நடப்பதென்று முடிவெடுக்கிறோம்! வலியின் வேர் பெரும்பாலும் இந்தத் திடீர் வேகத்தில்தான் இருக்கிறது.

முழங்கால் தேய்ந்துவிடும் என்ற பயமும் பலருக்கு உண்டு. 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வுத் தொகுப்பின்படி, உடல் நலத்துக்காக அளவோடு ஓடுபவர்களில் நூற்றுக்கு மூன்று, நான்கு பேருக்கே இடுப்பு அல்லது முழங்கால் மூட்டுத் தேய்வு காணப்பட்டது. ஓடாமல் இருந்தவர்களில் அது நூற்றுக்குப் பத்துப் பேர். போட்டிகளுக்காகக் கடுமையாக ஓடியவர்களில் பதின்மூன்று பேர். ஆகவே உட்கார்ந்தே இருப்பதும் மூட்டுக்கு நல்லதல்ல, எல்லை மீறுவதும் நல்லதல்ல.

சுபஹ் நேரத்து முதல் அடி

குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை உள்ளங்காலில் ஒரு தடித்த நார்ப்பட்டை ஓடுகிறது. அது நொந்துபோனால், சுபஹ் தொழுகைக்கு எழுந்து கட்டிலை விட்டு இறங்கி வைக்கும் முதல் அடி ஊசி குத்துவது போல் இருக்கும். பத்து, இருபது அடி நடந்ததும் குறையும். நீண்ட நேரம் உட்கார்ந்து எழுந்தால் திரும்பவும் வரும். நாற்பது முதல் அறுபது வயது, உடல் பருமன், கடினத் தரையில் நீண்ட நேரம் நிற்றல் ஆகிய மூன்றும் சேர்ந்தவர்களுக்கு இது அதிகம்.

இந்த மூன்றாவது காரணத்தைத்தான் நாம் கவனிப்பதில்லை. வீதியில் நடப்பது அரை மணித்தியாலம். குசினியில் டைல்ஸ் தரையில் வெறுங்காலுடன் நிற்பது எத்தனை மணித்தியாலம்? நோன்பு காலத்தில் அஸருக்குப் பின் கஞ்சி, சமூசா, சோறு, கறி என்று அடுப்படியில் நிற்கும் தாய்மார் இதைக் கணக்கிட்டுப் பார்க்கட்டும். பழியை முழுவதும் வீதியின் மேல் போடுவது நியாயமாகத் தெரியவில்லை. வெளியில் போடும் செருப்பு வேறு, வீட்டுக்கென்று சுத்தமான, அடி தடித்த செருப்பு வேறு என்று ஒரு சோடி வாங்கி வைப்பது பெரிய செலவல்ல.

கட்டிலை விட்டு இறங்கு முன் கால் விரல்களைக் கையால் பிடித்து மேல்நோக்கி இழுத்துப் பத்து வினாடி வைத்திருங்கள். பத்துத் தடவை செய்யுங்கள். சுவரில் கைகளை ஊன்றி, ஒரு காலைப் பின்னே வைத்து, குதிகாலை நிலத்திலிருந்து எடுக்காமல் கெண்டைக்காலை நீட்டுங்கள். எக்ஸ்ரேயில் "எலும்பு வளர்ந்திருக்கிறது" என்று கேட்டுப் பயப்படுவோர் உண்டு. வலியே இல்லாத பலருக்கும் அந்த வளர்ச்சி இருக்கிறது. சத்திர சிகிச்சை இல்லாமலே பெரும்பாலானோருக்கு ஒரு வருடத்துக்குள் குணமாகிவிடுகிறது.

காத்தான்குடி, மருதமுனை போன்ற கரையோர ஊர்களில் இருப்பவர்கள், "நாங்கள் மணலில் நடந்தால் என்ன?" என்று கேட்கலாம். காய்ந்த மணலில் குதிகால் புதைவதால் கெண்டைக்காலும் குதிகால் நரம்பும் அதிகம் இழுபடும். அலை நனைத்து இறுகிய ஈரமணல் மேல். ஆனால் அது கடல் பக்கம் சரிந்திருக்கும். போகும் தூரமே திரும்பியும் வாருங்கள், இரு கால்களுக்கும் பாரம் சமமாகும்.

பாடசாலைப் பிள்ளைகள்

இல்ல விளையாட்டுப் போட்டி நெருங்கும்போது, வருடம் முழுக்க ஓடாத பெண் பிள்ளைகள் இரண்டு, மூன்று கிழமைக்குள் இறுகிய மைதானத்தில் ஓடிப் பழகுகிறார்கள். முன்னங்கால் எலும்போரம் வலிக்கிறது என்பார்கள். நீண்டு பரவிய வலியென்றால் ஓய்வில் ஆறும். விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஓரிடத்தில் மட்டும் வலித்தால், இரவிலும் வலித்தால், எலும்பில் நுண்ணிய வெடிப்பு இருக்கலாம். வைத்தியரிடம் காட்டாமல் ஓடவிடக் கூடாது. மெலிய வேண்டுமென்று சாப்பாட்டைக் குறைத்து, மாதவிடாயும் தவறிப்போகும் பிள்ளைகளின் எலும்பு இன்னும் எளிதில் பாதிக்கப்படும். இதைத் தாய்தான் கவனித்துக் கேட்க வேண்டும். பயிற்சி ஆசிரியரிடம் பிள்ளை சொல்லமாட்டாள்.

வாயில்லா ஜீவன்கள்

ஒட்டகத்தின் பாதம் மணலுக்கென்று அகன்று மெத்தென அமைந்தது. கல் வீதியில் போகும் குதிரைக்கு மனிதன் இரும்பு லாடம் அடித்தான். நாய்க்கு இருப்பது பாதத்தின் அடித்தோல் மட்டும். நாய் வளர்ப்பது நம் வீடுகளில் வழக்கமில்லை. என்றாலும் நண்பகலில் கொதிக்கும் தாரில் துள்ளித் துள்ளி ஓடும் தெரு நாயைக் காணாதவர் யார்? அதன் பாதமும் வேகும். நாயை வளர்ப்பவர்களுக்குச் சொல்லப்படும் சோதனை ஒன்று உண்டு: புறங்கையைத் தாரில் ஏழு வினாடி வைக்க முடியாவிட்டால், நாயை அதில் நடத்தக் கூடாது. வெறுங்காலுடன் ஓடும் நம் குழந்தைகளுக்கும் இதே சோதனை பொருந்தும். தாகித்த நாய்க்குத் தன் காலுறையில் தண்ணீர் மொண்டு கொடுத்தவர் மன்னிக்கப்பட்டார் என்ற நபிமொழியை அறிந்த நாம், நிழலில் ஒரு சட்டியில் தண்ணீர் வைக்கலாமே.

உம்றாவுக்குப் போகிறவர்கள்

ஸபாவுக்கும் மர்வாவுக்கும் இடையில் ஏறத்தாழ 450 மீற்றர். ஏழு தடவை என்றால் மூன்று கிலோமீற்றருக்கு மேல். அதற்கு முன் தவாபின் ஏழு சுற்றுக்கள், மேல்மாடியில் என்றால் அவை பல மடங்கு நீளும். எல்லாம் மாபிள் தரையில், பலர் வெறுங்காலில். அன்னை ஹாஜரா (அலை) அவர்கள் ஓடிய இடத்தில் ஆண்கள் பச்சை விளக்குகளுக்கு இடையில் விரைந்து செல்வார்கள். பெண்களுக்கு நடையே போதும். நடக்க இயலாதவருக்குச் சக்கர நாற்காலியும் ஆகும்.

மதாபின் வெள்ளை மாபிள் வெயிலிலும் குளிர்ந்திருக்கும். ஆனால் வெளியிலுள்ள தார் வீதிகளும் மற்றத் தரைகளும் அப்படியல்ல. சீனி வருத்தத்தால் உள்ளங்காலில் உணர்ச்சி குறைந்தவர்கள், கால் வேகுவது தெரியாமலே நடந்து புண்ணோடு மக்கா ஆஸ்பத்திரிகளுக்கு வந்ததை வைத்தியர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். போவதற்கு முன் கிளினிக்கில் பாதத்தின் உணர்ச்சியைச் சோதித்துக் கொள்ளுங்கள்.

பயணத்துக்கு மூன்று மாதம் இருக்கும்போதே நடையைத் தொடங்கலாம். பத்து நிமிடத்தில் ஆரம்பித்து, கிழமைக்கு ஐந்து நிமிடம் கூட்டினால் போதும். ஒரு நாள் வலித்தால் அடுத்த கிழமை கூட்டாமல் அதே அளவில் நில்லுங்கள். இஹ்ராமில் பெண்களுக்குக் காலுறைக்குத் தடையில்லை, அடி தடித்ததாகப் பார்த்து வாங்கலாம். புதுச் செருப்பைப் பயணத்தன்று போடாமல் ஒரு மாதம் முன்பே போட்டுப் பழகுங்கள். ஹரமுக்குள் நுழையும்போது அதை வாசலில் விட்டுவிடாதீர்கள். ஒரு பையில் போட்டுக் கையோடு கொண்டு போனால், வேறு வாசலால் வெளியேறினாலும் வெறுங்காலில் வெயில் தரையைக் கடக்க நேராது.