மாடு எதற்காகக் கத்தியது?

வேலியில் யாரோ கழற்றிப் போட்ட சட்டை. காற்றில் ஆடும் ஒரு சங்கிலித் துண்டு. ஈரத் தரையில் பளீரென அடிக்கும் விளக்கு வெளிச்சம். இறைச்சிக்கூடத்துக்குள் நடந்துவரும் மாடு மிரண்டு நிற்க இவ்வளவு போதும். முன்னால் போவது நின்றால் பின்னால் வருவதும் நிற்கும். ஆட்கள் பொறுமை இழந்து மின்கோலால் குத்துவார்கள். கத்தி படுவதற்கு வெகு முன்பே வதை ஆரம்பித்துவிடுகிறது.

இதைக் கண்டு சொன்னவர் அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் டெம்பிள் கிராண்டின். ஆட்டிசம் உடையவர், எதையும் படமாகவே யோசிக்கிறவர். 1970களில் மாடுகள் போகும் குறுகலான பாதைக்குள் தானே இறங்கி, மாட்டின் கண் உயரத்திலிருந்து புகைப்படம் எடுத்தார். மாட்டுக்குக் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் ஏறக்குறையச் சுற்றிலும் தெரியும்; ஆழம்தான் சரியாகப் பிடிபடாது. தரையில் நிழல் விழுந்திருந்தால் தலையைத் தாழ்த்தி, நின்று பார்த்துத்தான் அடி எடுத்து வைக்கும். அதனால் கிராண்டின் பாதையை வளைவாக அமைத்தார். வெளியே நடமாடும் ஆட்கள் தெரியாதபடி இரு பக்கமும் அடைத்தார். மாடுகள் அமைதியாக நடந்தன.

அடுத்த கட்டம், அறுப்பதற்கு முன் நினைவிழக்கச் செய்வது. அதற்கான கருவி, தோட்டாவின் விசையாலோ அழுத்தப்பட்ட காற்றாலோ இயங்கும் ஒரு துப்பாக்கி. குண்டு வெளியேறாது, எஃகுத் தண்டு ஒன்று பாய்ந்துவிட்டு உள்ளே திரும்பிவிடும். ஒவ்வொரு கண்ணிலிருந்தும் எதிர்ப்பக்கக் கொம்பின் அடிக்குக் கோடு இழுத்தால், இரண்டும் வெட்டிக்கொள்ளும் நெற்றிப் புள்ளிதான் குறி. சரியாகப் பட்டால் மாடு அந்தக் கணமே சரியும். சீரான மூச்சு நின்றுவிடும். விழியைத் தொட்டாலும் இமை அசையாது.

மாட்டுக்கு இது ஏன் அவ்வளவு முக்கியம்? கழுத்தெலும்புகளுக்குள் ஓடும் தமனிகள் வழியாகவும் அதன் மூளைக்கு ரத்தம் போகிறது. தொண்டையை அறுத்தாலும் அவை அறுபடுவதில்லை. ஆடு சில நொடிகளில் நினைவிழக்கும். மாட்டுக்குச் சில சமயம் ஒரு நிமிடத்துக்கு மேலும் நினைவு இருக்கலாம். அந்த ஒரு நிமிடத்தை இல்லாமல் செய்வது நம் கடமை என்றே நினைக்கிறேன்.

கருவி இருந்தால் மட்டும் போதவில்லை. மனிதாபிமான அறுப்புச் சட்டத்தை அமெரிக்கா 1958இலேயே இயற்றிவிட்டது. ஆனால் 1996இல் அந்நாட்டு வேளாண் துறைக்காகக் கிராண்டின் ஆய்வு செய்தபோது, 100 மாடுகளில் 95ஐ முதல் அடியிலேயே வீழ்த்திய மாட்டிறைச்சிக்கூடங்கள் 30 சதவீதம்தான். பெரும்பாலும் காரணம் ஒன்றே: துப்பாக்கியைச் சுத்தம் செய்து பராமரிக்கவில்லை.

அவர் இன்னொரு அளவுகோலாக எடுத்தது மாட்டின் கத்தலை. கவனித்த 1,125 மாடுகளில் 112 கத்தின. அவற்றில் இரண்டைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் காரணம் கண்ணெதிரே இருந்தது: கால் வழுக்கியது, மின்கோல் பட்டது, குறி தப்பியது, பிடிப்பான் உடலை நெருக்கியது. காரணமில்லாமல் மாடு கத்துவதில்லை. எனவே 100க்கு மூன்றுக்கு மேல் கத்தினால் அந்தக் கூடம் தேறவில்லை என்று வரம்பு வைத்தார். ‘மாட்டைக் கருணையோடு நடத்து’ என்ற பொதுப்பேச்சைவிட இந்த எண்ணிக்கை ஆயிரம் மடங்கு மேல். யார் வேண்டுமானாலும் நின்று எண்ணலாம். சமாதானம் சொல்ல இடமில்லை.

1999இல் மெக்டொனால்ட்ஸ் தனக்கு இறைச்சி தரும் கூடங்களை இந்த அளவுகோல்களால் தணிக்கை செய்யத் தொடங்கியது. தேறாவிட்டால் வியாபாரம் போய்விடும் என்ற நிலை. அந்த ஆண்டு பார்த்த 41 மாட்டிறைச்சிக்கூடங்களில் 37 முதல் அடியில் 95 சதவீதத்தை எட்டின. சட்டத்தால் நாற்பது ஆண்டுகளில் ஆகாததை வாங்குகிறவரின் கண்டிப்பு சாதித்தது.

இதற்காகப் பெரும்பாலான கூடங்களை இடித்துக் கட்ட வேண்டியிருக்கவில்லை. விளக்கை இடம் மாற்றினார்கள், வழுக்காத தரை போட்டார்கள், ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், துப்பாக்கியை ஒழுங்காகக் கழற்றித் துடைத்தார்கள்.