பழைய காருக்குப் புது மூளை: பெட்டியை மட்டும் எறியாதேங்கோ

இந்த வாரம் எபிசோடில் பற்றரி பற்றிக் கதைச்சோம். நேரம் போதாமல் விட்ட ஒரு விஷயம் இங்கே.

உங்கட அப்பா அம்மா 90களில் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்கள் என்றால், சைக்கிள் டைனமோவில் ரேடியோ கேட்ட கதை வீட்டில் கட்டாயம் ஓடியிருக்கும். பொருளாதாரத் தடையால் பற்றரி இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடல் சுற்ற, மற்றவர்கள் செய்தி கேட்பார்கள். கை களைத்தால் மின்சாரம் இறங்கும், வேகம் கூடினால் ஏறும். பக்கத்தில் நின்று "மெதுவாச் சுத்து, கொஞ்சம் வேகமாச் சுத்து" என்று சொல்கிறவர்தான் வோல்டேஜ் ரெகுலேற்றர்.

பழைய கார்களிலும் இதே பிரச்சினைதான். எஞ்சின் வேகம் கூடக்கூட டைனமோவின் வோல்டேஜும் ஏறும். 1948இல் லண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமான மொறிஸ் மைனரில் இதைக் கட்டுப்படுத்துவது பொனற்றுக்குள் இருக்கும் ஒரு சின்னப் பெட்டி. மைனரும் ஒஸ்ரின் ஏ40யும் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லாத காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடியவை.

ஹரோவில் இருக்கிற என்ர மாமாவிடம் 1966 மைனர் ஒன்று இருக்கு. 40 வயது தாண்டி ஹிஸ்டோரிக் வகையில் பதிவானதால் யூலெஸ் கட்டணம், ஒரு நாளைக்கு 12.50 பவுண்ட்ஸ், அதற்கு இல்லை. ஆனால் இரவில் லைற் மங்கும், பற்றரி அடிக்கடி இறங்கும். பெட்டியைத் திறந்து பார்த்தேன்.

உள்ளே இரண்டு காந்தச் சுருள்கள். ஒன்று ரெகுலேற்றர். வோல்டேஜ் எல்லையைத் தொட்டதும் காந்தம் ஒரு தகட்டை இழுக்கும், தொடுமுனை திறக்கும், டைனமோவின் ஃபீல்டுக்குப் போகிற மின்சாரம் குறையும். வோல்டேஜ் விழுந்ததும் ஸ்பிரிங் தகட்டைத் திரும்ப மூடும். இது ஒரு செக்கனுக்குப் பல பத்துத் தடவை நடக்கும். கோட் எழுதுகிறவர்களுக்குச் சொன்னால், இரும்பில் செய்த இஃப்-எல்ஸ் லூப். மற்றச் சுருள் கட்-அவுட். எஞ்சின் நிற்கும்போது பற்றரியில் இருந்து டைனமோவுக்கு மின்சாரம் திரும்பிப் போகாமல் அது துண்டிக்கும்.

60 வருசத்தில் தொடுமுனை கருகும், ஸ்பிரிங் தளரும். கட்-அவுட் முனைகள் ஒட்டிக்கொண்டால் பற்றரி டைனமோவுக்குள்ளேயே வடியும், வயர் சூடேறி எரியவும் கூடும். சொலிட் ஸ்டேட் போர்டில் தொடுமுனைக்குப் பதில் ட்ரான்சிஸ்டர், கட்-அவுட்டுக்குப் பதில் டயோட். தேய அசைகிற பாகமே இல்லை. பழைய பெட்டிக்குள்ளேயே அடங்கும். வெளியில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

மாமாவுக்கு விருப்பமில்லை. "தம்பி, உது றோட்டில நிண்டால் என்ன செய்வாய்? பழசை உப்புத்தாளால தேய்ச்சு வீட்ட வருவன்."

நான் சிரித்தேன். பிறகு போர்டைப் பூட்டினேன். புகை வந்தது.

பிழை என்னுடையது. டைனமோ வைத்த மைனர்கள் பொசிற்றிவ் எர்த். பற்றரியின் பிளஸ் முனைதான் கார் பொடியில் இணைந்திருக்கும். நான் வாங்கியது நெகற்றிவ் எர்த் போர்ட். பழைய காந்தச் சுருளுக்குப் பிளஸ், மைனஸ் வித்தியாசம் கிடையாது. ட்ரான்சிஸ்டருக்கு உயிர் போகும். அன்று மாமா பழைய ரெகுலேற்றரை எடுத்து, முனைகளைத் தேய்த்து, இடைவெளியை அளந்து திரும்பப் பூட்டினார். கார் ஓடியது.

சரியான போர்டை இரண்டாம் முறை பூட்டி ஒரு குளிர்காலம் முடிந்துவிட்டது. பற்றரியில் 14 வோல்ட் அளவில் நிற்கிறது, லைற் மங்கவில்லை. செய்யப் போகிறீர்கள் என்றால், முதலில் எர்த் எந்தப் பக்கம் என்று பாருங்கோ. டைனமோவைக் கழற்றிப் பூட்டினால், எஃப் வயரை ரெகுலேற்றரில் இருந்து கழற்றிவிட்டு, அதன் நுனியைப் பற்றரியின் லைவ் முனையில் ஓரிரு செக்கன் தொட்டு எடுங்கோ. அதுதான் டைனமோவுக்குத் திசையைச் சொல்லும். புது போர்ட் டைனமோவைப் பெரிதாக்காது. பிந்தைய மைனர்களின் சி40 டைனமோ 22 ஆம்பியர்தான், சுமார் 300 வாட். சீற் ஹீட்டர் எல்லாம் யோசிக்காதேங்கோ.

முக்கியமாக, பழைய உள்பாகத்தை எறியாதேங்கோ. எலெக்ட்ரோனிக்ஸ் பழுதாகிறது குறைவு. ஆனால் பழுதானால் ஏன் என்று கண்ணுக்குத் தெரியாது, கையால் திருத்தவும் ஏலாது. கடையில் சாமான் கிடைக்காத ஊரில் கார் ஓட்டிப் பழகியவருக்கு அந்த வித்தியாசம் பெரியது. மாமாவின் பூட்டில் இப்போது பழைய சுருள்கள் துணியில் சுற்றிக் கிடக்கு. பக்கத்தில் ஒரு துண்டு உப்புத்தாள். அதை வைத்தது நான்.